ருசி பார்க்க வந்தவள்

அந்த முகாமில் என் வேலை ருசி பார்ப்பது. பிள்ளைகள் சமைத்ததில் ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, உப்பு போதுமா, வெந்திருக்கிறதா, இன்னும் என்ன செய்திருக்கலாம் என்று அவர்களிடம் சொல்ல வேண்டும். அதைவிடச் சுலபமான வேலை இருக்க முடியாது. ஏழு நாள் நான் அந்த வேலையைச் செய்யவில்லை. செய்வதுபோல் நடித்தேன். ஒரு சிறுமி அதைக் கண்டுபிடித்தாள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம். பாலக்காட்டில் பி.ஏ. பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். அண்ணாவுக்கு உடும்பஞ்சோலைக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்து ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம். மன்னிக்கு ஐந்தாம் மாதம். கூடமாட ஒத்தாசைக்கு இருக்கட்டும் என்று அப்பா என்னை பஸ் ஏற்றிவிட்டார். போன பிறகுதான் தெரிந்தது, மன்னிக்கு என் ஒத்தாசை தேவையே இல்லை என்று. நான் அடுப்பங்கரைக்குள் நுழைந்தால் அவளுக்கு வேலை இரட்டிப்பானது. ஜன்னலோரம் உட்கார்ந்து மூடுபனி ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பிளாக் ஆபீஸிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். மலையாளி, முப்பத்தைந்து வயதிருக்கும். தோட்டத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்குப் பத்து நாள் சமையல் முகாம் நடத்த வந்திருந்தார். அங்கே தாயும் தகப்பனும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். வீட்டில் இருக்கும் பத்து வயதுப் பிள்ளைதான் தம்பி தங்கைகளுக்குக் கஞ்சி வைக்கும். அந்தப் பிள்ளைகளுக்கே கீரையும் பயறும் கிழங்கும் சத்துக் கெடாமல் சமைக்கச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்பது டீச்சரின் யோசனை. மேலே இருக்கிறவர்களிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கியிருந்தார். தமிழ் பேசுவார், ஆனால் தட்டுத்தடுமாறி. தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் ஒருத்தி கூட இருந்தால் நல்லது என்று தோட்டத்து ஆபீஸில் கேட்டிருக்கிறார். அண்ணா என்னைச் சொல்லிவிட்டான்.

"ஆத்துல வெறுதே உக்காந்துண்டு இருக்கறதுக்குப் போயிட்டு வாயேன்," என்றான். "பத்து நாள்தானே. நோக்கும் பொழுது போகும்."

மன்னி, "மத்தியானம் சாப்பிட ஆத்துக்கு வந்துடு," என்று மட்டும் சொன்னாள். பின்னாளில் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, மன்னி சொன்னதால்தான் அப்படி நடந்தேன் என்று எனக்கு நானே பலமுறை சமாதானம் சொல்லியிருக்கிறேன். அது பொய். அவள் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் நான் அப்படித்தான் நடந்திருப்பேன்.

ஏலக்காய் சீசன் முடிந்திருந்ததால் காய் உலர்த்தும் ஸ்டோர் காலியாகக் கிடந்தது. முகாமுக்கு அதைக் கொடுத்தார்கள். நீளமான கட்டிடம். சுவரை ஒட்டிச் சூடு ஓடும் இரும்புக் குழாய்கள். காய் பரப்பும் தட்டுகளை ஒரு மூலையில் அடுக்கியிருந்தார்கள். ஒரு காய்கூட உள்ளே இல்லை, ஆனாலும் கதவைத் திறந்ததும் ஏலக்காய் வாசனை முகத்தில் வந்து மோதும். வாசலில் தகரக்கூரைக்குக் கீழே ஆறு கல்லடுப்புகள். இருபத்துநாலு பிள்ளைகள், அடுப்புக்கு நாலு பேர். ஒவ்வொரு குழுவுக்கும் டீச்சர் ஒரு காய்கறியின் பெயர் வைத்தார். வெண்டை, கத்தரி, பூசணி என்று. மாவுச் சாக்கைக் கிழித்துத் தைத்த மேலங்கி எல்லோருக்கும் ஒன்று. கழுத்தில் ஒரு நாடா, இடுப்பில் ஒரு நாடா. அதைக் கட்டிக்கொண்டதும் பிள்ளைகளின் நடையே மாறிவிட்டது. கத்தரிக் குழுவில் ஒருத்தி சாயங்காலம் அதைக் கழற்ற மாட்டேன் என்று வீடு வரை போட்டுக்கொண்டு போனாள்.

முதல் நாள், அடுப்பு மூட்டுவது எப்படி என்று டீச்சர் ஆரம்பித்தார். அவர் பேசி முடிப்பதற்குள் ஐந்து அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. ஆறாவது அடுப்பின் முன்னால், செய்து காட்டுவதற்காக நான் உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் மழையில் நனைந்த விறகு. ஊதி ஊதி என் கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர அடுப்பில் தீ வரவில்லை. பூசணிக் குழுவிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். பத்து வயதிருக்கும். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது.

"தள்ளிக்கோங்க டீச்சர்," என்றாள் என்னிடம். பிள்ளைகளுக்கு நானும் டீச்சர்தான்.

விறகை வெளியே இழுத்தாள். சுள்ளியைக் குறுக்கே வைத்தாள். கன்னத்தை உப்பிக்கொண்டு ஒரே ஊது. பற்றிக்கொண்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் என்னைவிட அதிகமாகச் சிரித்தார்.

"இவங்களுக்கு நம்ம என்ன படிப்பிக்கறது மோளே? இவங்ககிட்ட நம்மதான் படிக்கணும்."

நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் எனக்கு அந்தப் பெண்ணை மிகவும் பிடித்திருந்தது.

அன்றைக்குச் சமையல் கஞ்சியும் பயறும். பதினோரு மணிக்கெல்லாம் ஆறு சட்டிகளும் இறங்கிவிட்டன. டீச்சர் என்னிடம் ஒரு வெள்ளைத் துண்டைக் கொடுத்து இடுப்பில் செருகிக்கொள்ளச் சொன்னார். "ருசி பாத்தா மாத்திரம் போதாது கேட்டோ. எந்தா நல்லது, எந்தா குறைன்னு பறயணும். பிள்ளைங்க அதுக்காக்கும் காத்து நிக்கும்."

முதல் சட்டிக்கு முன்னால் போய் நின்றேன். எங்கள் வீட்டில் கரண்டியை வாயில் வைக்கும் பழக்கம் கிடையாது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்போம். கையை நீட்டினேன். ஒரு பையன் கரண்டியில் பயறு எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். சூடாக இருந்தது. நல்ல வாசனை. எனக்குப் பசியும் இருந்தது. கையை வாய் வரை கொண்டுபோனேன். வாய் திறக்கவில்லை.

பாலக்காட்டில் தேர் ஓடும் தெரு ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். தெரு முழுக்க எங்கள் ஜனங்கள்தான். கல்லூரி ஹாஸ்டலிலும் சமைத்தது எங்கள் ஜாதிக்காரர்தான். அதுவரை மற்றவர்கள் கையால் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. குடிக்கக்கூடாது என்று யாரும் உட்கார வைத்துச் சொன்னதும் இல்லை. இந்தப் பிள்ளைகளோ கம்பம், போடிப் பக்கத்துச் சேரிகளிலிருந்து மலையேறிவந்த குடும்பத்துப் பிள்ளைகள். கல்லூரியில் தீண்டாமை ஒழிப்பைப் பற்றிக் கட்டுரை எழுதி, மேடையேறி, எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியவள் நான். அந்தக் கட்டுரையில் எழுதிய ஒவ்வொரு வரியையும் நம்பித்தான் எழுதினேன். ஒரு சொட்டுப் பயறு கையில் இருக்கும்போது அதில் ஒரு வரிகூடத் துணைக்கு வரவில்லை.

முகத்தைக் கொஞ்சம் திருப்பினேன். நாக்கைச் சப்புக்கொட்டினேன். கையைத் துண்டில் துடைத்தேன்.

"ரொம்ப நன்னா இருக்கு," என்றேன்.

அந்த நாலு பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்ததை என்னால் மறக்க முடியவில்லை. அடுத்த சட்டி. அதற்கடுத்த சட்டி. ஆறாவது சட்டிக்கு வரும்போது எனக்கு அது கைவந்துவிட்டது.

மறுநாள் இன்னும் சுலபமாக இருந்தது. கண்ணால் பார்த்தும் மூக்கால் முகர்ந்தும் என்ன சொல்லலாம் என்று கணித்துவிடுவேன். தண்ணீராகத் தெரிந்தால் "இன்னும் கொஞ்சம் வத்தியிருக்கலாம்." அடிப்பிடித்த வாசனை வந்தால் "தீ ஜாஸ்தியாயிடுத்து." பிள்ளைகள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். கரும்பலகையில் ஒவ்வொரு குழுவின் பெயருக்கும் எதிரே 'நன்று', 'மிக நன்று' என்று எழுதுவேன். சாப்பிடவில்லை என்பதை ஈடுகட்டவோ என்னவோ, என் பாராட்டு நாளுக்கு நாள் பெருகியது. நாலாம் நாள் முட்டை. "நான் முட்டை சாப்பிட மாட்டேனே," என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அன்று முழுக்க நிம்மதியாக இருந்தேன். பிள்ளைகளும் அதை ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. என்ன காரணமானாலும் வெளியே சொல்ல முடிந்தால் இத்தனை லேசாக இருக்கிறதே என்று நினைத்தது நினைவிருக்கிறது. மற்ற நாட்களின் காரணத்தை வெளியே சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

உடைந்த பல்காரி மற்ற பிள்ளைகளைப் போல் இல்லை. அவளுக்கு 'ரொம்ப நன்னா இருக்கு' போதவில்லை.

"உப்பு மட்டா இருக்கா டீச்சர், தூக்கலா இருக்கா?" என்பாள்.

"சரியா இருக்கு."

"இஞ்சி தட்டிப் போட்டேன். தெரியுதா டீச்சர்?"

"தெரியறதே. நன்னா தெரியறது."

அவள் உண்மையிலேயே கைப்பக்குவம் உள்ளவள். மற்றவர்கள் டீச்சர் சொன்னபடி செய்வார்கள். அவள் டீச்சர் சொன்னதைச் செய்துவிட்டு, சட்டியை மூடிவைத்து, திறந்து முகர்ந்து, இன்னொன்று சேர்ப்பாள். பலாக்கொட்டையைச் சுட்டு நசுக்கிக் கீரையில் போட்டது அவள்தான். அன்று டீச்சர் இரண்டு தடவை வாங்கித் தின்றார். எனக்கு அதன் ருசி இன்றுவரை தெரியாது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் துணி துவைக்கும் முறை பூசணிக் குழுவுக்கு. கரித்துணி, மேலங்கி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பக்கத்து ஓடைக்குப் போனார்கள். என் துண்டையும் அவள் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்து எல்லாவற்றையும் இரும்புக் குழாய்மேல் வரிசையாகக் காயப்போட்டாள். என் துண்டை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"கறை போகல டீச்சர். சோப்பு போட்டுத் தேய்ச்சேன்."

பார்த்தேன். வெள்ளைத் துண்டின் ஒரு மூலை முழுக்க மஞ்சள். அதன்மேல் கீரையின் பச்சை. பயறின் பழுப்பு. ஒரே இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக.

"கை துடைச்சதுடி," என்றேன்.

"இம்புட்டுமா டீச்சர்?"

அவள் குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே கேட்டாள். நான் துண்டை வாங்கி மடித்துக்கொண்டு, டீச்சர் கூப்பிடுகிற மாதிரி உள்ளே போய்விட்டேன். மறுநாள் வேறு துண்டு கொண்டுவந்தேன். கறுப்புக் கட்டம் போட்டது. அந்த ஆறாம் நாள் முழுக்க அவள் கண் என் கையிலேயே இருந்தது. நான் ஒரு சட்டியிலிருந்து இன்னொரு சட்டிக்கு நகர, அவள் தன் அடுப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். ஆனாலும் நான் நிறுத்தவில்லை. ஒரு வாய் தின்றிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். ஏன் தின்னவில்லை? குழந்தைதானே, என்ன செய்துவிடுவாள் என்று நினைத்திருப்பேன்.

ஏழாம் நாள் சிறுபயறுப் பாயசம். மறையூரிலிருந்து வெல்ல உருண்டைகள் வந்திருந்தன. பிள்ளைகளுக்கு அன்று தலைகால் புரியவில்லை. வெல்லம் கரையும்போது ஆறு அடுப்பைச் சுற்றிலும் ஒரே கும்மாளம். பாயசம் இறங்கியதும் வழக்கம்போல் ஒவ்வொரு குழுவாகப் போனேன். பூசணிக் குழுவில் அவள் எனக்காகத் தனியாக ஒரு கிண்ணத்தில் ஊற்றி வைத்திருந்தாள். அதிலிருந்து கரண்டியில் எடுத்து என் கையில் விட்டாள். நான் முகத்தைத் திருப்பினேன். சப்புக்கொட்டினேன். துடைத்தேன்.

"எப்படி இருக்கு டீச்சர்?"

"அமிர்தம் மாதிரி இருக்கு," என்றேன். "இன்னிக்கு ஆறு குழுவுலயும் நீங்கதான் முதல்."

அவள் சிரிக்கவில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"அதுல ஒரு கை உப்பு அள்ளிப் போட்டிருக்கேன் டீச்சர்."

கத்தவில்லை. ஆனால் பக்கத்து அடுப்பில் கேட்டது. அங்கிருந்து அதற்கடுத்த அடுப்புக்குப் போனது. கும்மாளம் அடங்கிவிட்டது. டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எந்தா? என்னாச்சு?"

கிண்ணத்தை அவள் டீச்சரிடம் நீட்டினாள். டீச்சர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுளித்துத் துப்பினார். பிறகு சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தார். அது நன்றாகவே இருந்திருக்க வேண்டும். கிண்ணத்தில் மட்டும்தான் உப்பு. எனக்கென்று வைத்த கிண்ணத்தில் மட்டும்.

டீச்சர் என்னைப் பார்த்தார். அந்த நொடியில் எனக்கு எப்படி அந்தப் பொய் கிடைத்தது என்று தெரியவில்லை. தேடவே இல்லை, தயாராக இருந்தது.

"நேக்குத் தெரிஞ்சுது டீச்சர்," என்றேன். "வாயில வெச்சதுமே தெரிஞ்சுது. எல்லார் முன்னாலயும் சொன்னா குழந்தை மனசு நோகுமேன்னுதான் நன்னா இருக்குன்னேன்."

சொல்லும்போதே என் குரல் எவ்வளவு கனிவாக இருந்தது என்பதை நானே கேட்டேன். ஒரே வாக்கியத்தில் நான் நல்லவளாகிவிட்டேன். அவள் பெரியவர்களோடு விளையாடும் துஷ்டப் பிள்ளை ஆகிவிட்டாள்.

"இல்ல டீச்சர்." அவள் டீச்சரிடம்தான் பேசினாள். "அவங்க திங்கல. ஒரு நாளும் திங்கல. துண்டுலதான் துடைக்காங்க."

டீச்சர் என்னிடம், "ருசிச்சோ மோளே?" என்றார்.

"ருசிச்சேன்."

இருபத்துநாலு பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ஸ்டோர் பக்கம் திரும்பி ஒரு நிமிஷம் நின்றார். பிறகு அந்தப் பெண்ணிடம், சாப்பாட்டில் விளையாடக்கூடாது, பெரியவங்களைப் பரீட்சை பண்ணக்கூடாது, வீட்டுக்குப் போய் நாளைக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு வா என்றார். அவள் அழவில்லை. மேலங்கியின் இடுப்பு நாடாவை அவிழ்த்தாள். கழுத்து நாடா முடிச்சு விழுந்திருந்தது. அவிழ்க்கக் கொஞ்ச நேரம் ஆனது. யாரும் உதவிக்குப் போகவில்லை. நானும் போகவில்லை. மேலங்கியை மடித்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மேட்டில் ஏறிப் போனாள். அவள் செய்த பாயசத்தை அவள் குடிக்கவில்லை.

அன்று மத்தியானம் மன்னி சாப்பாடு போட்டாள். நான் சாப்பிட்டேன். பசித்தது, சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். இறங்கியது.

எட்டாம் நாள் அவள் வரவில்லை. பூசணி அடுப்பில் மூன்று பேர்தான். அன்று கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் வெங்காயத் துவையலும். சட்டிகள் இறங்கியதும் போனேன். எந்தப் பிள்ளையும் 'எப்படி இருக்கு டீச்சர்' என்று கேட்கவில்லை. கரண்டியால் எடுத்து என் கையில் வைத்துவிட்டு அப்படியே நின்றார்கள். மற்ற அடுப்புக்காரர்களும் எழுந்து வந்து நின்றார்கள். எல்லோர் கண்ணும் என் உள்ளங்கையில்.

அன்றுதான் தின்றேன். இருபத்துமூன்று பிள்ளைகள் காவல் நிற்க, தப்ப வழியில்லாமல் தின்றேன். கிழங்கு மெத்தென்று வெந்திருந்தது. உப்பு கொஞ்சம் குறைவு. வேறு ஒன்றும் நடக்கவில்லை. நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. இதற்காகவா என்று இருந்தது. உப்பு குறைவு என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு எங்கே இருந்தது? 'நன்று' என்று பலகையில் எழுதிவிட்டு ஸ்டோருக்குள் போய்விட்டேன்.

சாயங்காலம் டீச்சர் சொன்னார், "அந்தக் குட்டியோட லயத்துக்கு ஒண்ணு போயிட்டு வா. நாளைக்கு வரச் சொல்லு. அம்மாவுக்கு வேலை விட்டிட்டு வர முடிஞ்சிருக்காது."

லயம் என்பது தொழிலாளர்களின் வரிசை வீடுகள். ஸ்டோரிலிருந்து அரை மைல் ஏற்றம். போகும் வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தெளிவாகத் தயார் செய்துகொண்டு போனேன். 'தப்பு என்னுது. அவ சொன்னதுதான் நிஜம்.' இவ்வளவுதான். ஐந்தே வார்த்தை.

அப்போதுதான் நாலு மணிக்கு வேலை விட்டிருந்தது. அவள் அம்மா களை வெட்டும் கொத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடுப்பில் கைக்குழந்தையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறிவிட்டாள்.

"அய்யோ, நீங்க எதுக்குத் தாயி இம்புட்டுத் தூரம் ஏறி வந்தீக? நானே நாளைக்கு வந்து கால்ல விழணும்னு இருந்தேன். கேட்டேன் இவ செஞ்ச காரியத்தை. தோலை உரிச்சுப்புட்டேன்."

உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள். அவள் வந்தாள். இடது கன்னத்தில் வீக்கம் இருந்தது.

"கேளுடி மன்னிப்பு. டீச்சரம்மா உனக்காக வந்திருக்காக பாரு."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா தோளைப் பிடித்து உலுக்கினாள். கையை ஓங்கினாள். நான், "அடிக்காதீங்கோ, அடிக்காதீங்கோ," என்றேன். அதை மட்டும் சொன்னேன்.

"மன்னிச்சுக்கோங்க டீச்சர்," என்றாள் அவள். சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அது கோபம் இல்லை. இனி நீ சொல்வாயா என்று கேட்பது போன்ற ஒரு பார்வை. அவள் தன் பங்கைச் செய்துவிட்டாள். அடுத்தது நான்.

நான் சொன்னது: "பரவாயில்லை. நாளைக்கு வந்துடு."

அவள் உள்ளே போய்விட்டாள்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஏறி வந்ததுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கக்கூட முடியல பாருங்க. நீங்க எங்க வீட்ல குடிக்க மாட்டீக." மழை பெய்யும், வெயில் அடிக்கும் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். அவளுக்கு அது ஒரு புகாரே இல்லை. மகள் சொன்னது உண்மை என்று அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரிந்தேதான் அடித்திருக்கிறாள். அதை மகள் வாய்விட்டுச் சொல்லியிருக்கக்கூடாது என்பதற்காக அடித்திருக்கிறாள்.

'குடுங்கோ, குடிக்கறேன்' என்று சொல்லியிருக்கலாம். காலையில்தான் இருபத்துமூன்று பேர் முன்னால் தின்றிருந்தேன். இனித் தீட்டு ஒட்டுவதற்கு என்னிடம் என்ன மிச்சம்? ஆனால் குடித்தால், இத்தனை நாள் குடிக்காதவள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"வேண்டாம், இப்பத்தான் குடிச்சேன்," என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

ஒன்பதாம் நாளும் அவள் வரவில்லை. பத்தாம் நாள் தாய் தகப்பன்மார்களுக்குப் பிள்ளைகள் சமைத்துப் பரிமாறினார்கள். ஸ்டோருக்குள் வாழை இலை போட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் அவர்களோடு உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டேன். அண்ணாவின் ஆபீஸ்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, பாலக்காட்டுப் பொண்ணு எல்லாரோடும் சமமா உக்காந்து சாப்பிடுதே!" என்று டீச்சரிடம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டே மோர் ஊற்றிக்கொண்டேன். அவள் அம்மா வரிசையின் கடைசியில் இருந்தாள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மகளை வீட்டில் விட்டு வந்ததாகச் சொன்னாள். மற்ற தாய்மார்களுக்கு அவரவர் பிள்ளை பரிமாறியது. அவளுக்கு வெண்டைக் குழுவிலிருந்து யாரோ ஒரு பிள்ளை பரிமாறியது.

டீச்சர் அன்று சாயங்கால பஸ்ஸில் கம்பம்மெட்டு வழியாகப் போவதாக இருந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோடு வரை நானும் போனேன். பஸ்ஸுக்காக நிற்கும்போது, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"மோளே, ஆ குட்டி பறஞ்சது சத்தியம் அல்லே?"

"ஆமா," என்றேன். அதுவரை அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"எனிக்கும் தெரியும். அந்தத் துண்டை நானும் கண்டேன்."

"அப்புறம் ஏன் டீச்சர் அவளைப் போகச் சொன்னேள்?"

"இந்த முகாமுக்கு எத்ர நாள் நடந்தேன் தெரியுமோ? தோட்டத்து ஆபீஸ் தந்த ஸ்டோர். ஆபீஸ் தந்த பொண்ணு நீ. உன்னைப் பறஞ்சு அனுப்பிட்டா முகாம் அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அவளைப் பறஞ்சு அனுப்பிட்டா பத்து நாளும் நடக்கும். ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சேன். அப்படித்தான் செய்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கிட்ட ஆமான்னு பறஞ்சு காரியம் இல்ல மோளே. அவகிட்டப் பறயணும். நான் போறேன். நீ இங்க இருக்கியல்லோ."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

நான் அங்கே இன்னும் பதினைந்து நாள் இருந்தேன். லயம் அரை மைல்தான். மூன்று சாயங்காலம் கிளம்பினேன். முதல் நாள் மழை வந்ததென்று திரும்பினேன். இரண்டாம் நாள் ஓடை வரை போனேன். அங்கே சில பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள், திரும்பிவிட்டேன். மூன்றாம் நாள் லயத்து வாசலே தெரிந்தது. அவள் வெளியே உட்கார்ந்து தம்பிக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் ஏலச்செடிகளுக்கு நடுவில் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அல்லது பார்த்துவிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிவு வந்தது. பாஸாகியிருந்தேன். பாலக்காட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, அண்ணாவிடம் ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோல் அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கேட்டேன். கீழே கம்பத்துப் பக்கம் போய்விட்டார்கள் என்று தோன்றுகிறது, சரியாகத் தெரியாது என்றான். எதற்குக் கேட்கிறாய் என்றான். சும்மா என்றேன்.

பிறகு நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். எல்லார் வீட்டிலும் சாப்பிட்டேன். கேட்டுக்கூட வாங்கிச் சாப்பிட்டேன். நீங்கள் ரொம்ப வித்தியாசமானவர் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. ஒவ்வொரு தடவையும் மறுக்க வேண்டும் என்று தோன்றும். மறுத்ததில்லை.

இதை முதன்முதலில் என் மகளிடம்தான் சொன்னேன். அவளுக்கு அப்போது பத்து வயது. முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு பேர் என்னம்மா?" என்றாள். சொன்னேன். மறக்கவில்லை. ஆனால் இங்கே எழுதமாட்டேன். அவளை ஒரு தடவை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துவிட்டு நான் சும்மா நின்றேன். இன்னொரு தடவை, அவளைக் கேட்காமல், அதைச் செய்ய எனக்கு உரிமை இல்லை.